அழிக்காத கணக்கு நோட்டு

பக்கத்து வீட்டுப் பெண், மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் மாலை கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவள் போட்டிருந்த விடை 35. அதன்மேல் சிவப்பு மையில் தப்புக் குறி. கீழே, 25 என்ற சரியான விடையோடு அதே கணக்கை ஐந்து முறை அழகாக எழுதியிருந்தாள். இம்போசிஷன். “35 எப்படிம்மா வந்துச்சு?” என்று கேட்டேன். “தெரியல அத்தை. எனக்குக் கணக்கு வராது” என்றாள். வயது எட்டு.

கணக்கு வராத பிள்ளை போட்ட விடையல்ல அது. 7இல் 2 போனால் 5. 5இல் 2 போனால் 3. பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். 1978இல் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை வகைப்படுத்தினார்கள். தவறு செய்யும் பிள்ளை பெரும்பாலும் கவனக்குறைவால் தவறுவதில்லை, தனக்கென ஒரு விதியை வைத்துக்கொண்டு அதை விடாமல் பின்பற்றுகிறது என்று காட்டினார்கள். அந்த விதிகளில் மிகப் பரவலானவற்றுள் ஒன்றுதான் இந்தப் பெண்ணுடையது. விதியைக் கண்டுபிடிக்காமல் விடையை மட்டும் ஐந்து முறை எழுதவைத்தால் விதி அப்படியே இருக்கும். நாளைக்கு 63இல் 38ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்றுதான் எழுதுவாள்.

துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. “இதுல 27 எடுத்துக் குடு.” இரண்டு கட்டை உடனே எடுத்துவைத்தாள். பிறகு ஏழு குச்சிக்காகக் கையை நீட்டியவள் நின்றுவிட்டாள். இருப்பது இரண்டு. என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “கட்டைப் பிரிக்கலாமா?” என்று கேட்டாள். பிரித்தாள், எண்ணினாள், எடுத்தாள். மீதி இரண்டு கட்டு, ஐந்து உதிரி. நோட்டில் அதை வரையச் சொன்னேன். கட்டுக்கு ஒரு நிமிர்ந்த கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி. ஒரு கோட்டை அடித்து, பக்கத்தில் பத்துப் புள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு எண்ணால் எழுதினாள்: 5ஐ அடித்து மேலே 4, 2க்கு முன்னால் 1. “ஓ, கடன் வாங்குறதுன்னா இதுதானா?” என்றாள். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைப் பள்ளியில் மாதக்கணக்காகப் போட்டுவருகிற பிள்ளை அவள்.

பழைய 35ஐ அழிக்க ரப்பரை எடுத்தாள். வேண்டாம் என்றேன். அதன் பக்கத்திலேயே, ஏன் அப்படி வந்தது என்று அவள் பாணியில் எழுதச் சொன்னேன். “சின்னதை பெருசுலேர்ந்து கழிச்சுட்டேன். கட்ட பிரிக்கல” என்று எழுதினாள். அந்தப் பக்கம் இன்னும் அவளிடம் இருக்கிறது.

கையால் பொருளைத் தொட்டு, அதைப் படமாக வரைந்து, எண்ணாக எழுதி, தன் சொல்லில் ஒரு வரி குறித்துவைக்கும் இத்தகைய நோட்டு பிள்ளைகளுக்குக் கணக்கில் நம்பிக்கை தருமா? இந்தக் கேள்வியைப் பற்றி உலகெங்கும் நிறையப் பேசப்பட்டிருக்கிறது, நிறைய விற்கவும் பட்டிருக்கிறது. எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பிரச்சினையின் அளவை முதலில் பார்ப்போம். பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சோதிக்கும் ‘ஏசர்’ ஆய்வின் 2024ஆம் ஆண்டு அறிக்கையின்படி கிராமப்புற இந்தியாவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 33.7 விழுக்காட்டினரால்தான் கழித்தல் கணக்கைப் போட முடிந்தது. அவர்களிடம் கேட்கப்பட்டது, மேலே பார்த்ததைப் போன்ற, கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டிலக்கக் கணக்குதான். ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் தெரிந்தவர்கள் 30.7 விழுக்காடு. முந்தைய சுற்றுகளைவிட இது முன்னேற்றம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் மூன்றில் இரண்டு பிள்ளைகள் ‘எனக்கு வராது’ என்று சொல்லப் பழகும் இடத்தில் நிற்கிறார்கள்.

அந்தச் சொல் மனத்துக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்யும் என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம். ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வரும் எண்களை மனத்தில் கொஞ்ச நேரம் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடம் எல்லோருக்கும் சிறியது. பயம் வந்தால் அந்தச் சிறிய இடத்தில் பயமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று 2001இல் மார்க் ஆஷ்கிராஃப்ட்டும் எலிசபெத் கிர்க்கும் சோதனைகளால் காட்டினார்கள். கணக்கு பயம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்று 2013இல் சிகாகோ ஆய்வாளர்கள் கண்டார்கள். அதில் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. பயத்தால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள், மனத்தில் நிறைய ஏந்திக்கொள்ளக்கூடிய பிள்ளைகள், அதாவது நன்றாகப் போடக்கூடியவர்கள்.

இங்கேதான் நோட்டின் முதல் பயன். மனம் ஏந்த வேண்டியதைத் தாள் ஏந்திக்கொள்கிறது. அடித்த கோடும் பத்துப் புள்ளியும் தாளில் இருக்கும்போது, பயந்த பிள்ளைக்குக்கூட அடுத்த அடி வைக்க இடம் கிடைக்கிறது. ‘மனக்கணக்காப் போடு, எழுதாதே’ என்று சிறு பிள்ளையை மிரட்டுவதை நான் விரும்பாததற்கு இதுவே காரணம். மனக்கணக்கு வேண்டும், ஆனால் தாளில் நடந்து பழகிய பிறகு.

நம்மூரில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, வாய்விட்டுச் சொல்லி, பிறகே ஓலைக்குப் போனார்கள். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்று போன அந்தப் பாடத்திட்டத்தை விரிவாக ஆராய்ந்தவர் து. செந்தில்பாபு. கண், கை, வாய் மூன்றும் சேர்ந்து நடந்த படிப்பு அது. அதை நான் பொற்காலமாக்கவில்லை. அடி உண்டு, சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏராளம். ஆனால் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: அங்கே கற்றது நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் உடனே பயன்பட்டது. கையும் கணக்கும் பிரியவில்லை.

இன்றைய கணக்கு நோட்டு வேறு வகை. ஆசிரியர் கரும்பலகையில் போட்டதைப் பார்த்து எழுதுவது, ரஃப் நோட்டில் போட்டுப் பார்த்ததைத் தூக்கி எறிந்துவிட்டு ஃபேர் நோட்டில் விடையை மட்டும் அழகாக ஏற்றுவது, ஓரத்தில் கோடு, தலைப்புக்கு அடிக்கோடு. ஆய்வுக்கு வரும் அதிகாரி பார்ப்பது இதைத்தான். பெற்றோர் பார்ப்பதும் இதைத்தான். இப்படிப்பட்ட நோட்டில் பிள்ளை எங்கே இருக்கிறது? கையெழுத்தில் மட்டும்.

சீனிவாச ராமானுஜனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. காகிதம் வாங்க வசதியில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகளில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக நிறுவிக்காட்ட அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் பல ஆண்டுகள் உழைத்தார்; 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளிவந்தன. மேதையின் வழி சிலேட்டோடு போனதற்கு உலகம் கொடுத்த விலை அது. நம் பிள்ளைகளின் வழி ரப்பரோடு போகிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க யாரும் வரப்போவதில்லை.

சரி, குச்சியும் கொட்டையும் கொடுத்தால் போதுமா? போதாது என்பதுதான் ஆய்வுகளின் நேர்மையான பதில். 1960களில் ஜெரோம் புரூனர், ஒரு கருத்து முதலில் செயலாகவும் பிறகு படமாகவும் கடைசியில் குறியீடாகவும் பிள்ளைக்குள் போகிறது என்றார். சிங்கப்பூர் 1980களில் தன் தொடக்கப்பள்ளிக் கணக்கை இந்த மூன்று படிகளின்மேல்தான் கட்டியது. 2013இல் கிரா கார்பனோ குழுவினர் 55 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பொருளைக் கையாண்டு படித்த பிள்ளைகளுக்குப் பலன் இருந்தது. மொத்தத்தில் அது சிறிது முதல் நடுத்தரம் வரை. படித்தது மறக்காமல் தங்குவதில் பலன் கூடுதல். புதுவிதக் கணக்குக்கு எடுத்துச்செல்வதில் குறைவு. பொருளை மட்டும் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால் அந்தப் பலனும் தேய்கிறது.

ஏன் இப்படி? பெரியவர் கண்ணுக்குப் பத்துக் குச்சிக் கட்டு ‘பத்து’ என்று தெரிகிறது. பிள்ளைக்கு அது குச்சிக் கட்டு. பொருள் எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு அது பொருளாகவே நின்றுவிடும். 2009இல் நிக்கோல் மெக்நீல் குழுவினர் பணக் கணக்குகளுக்குச் சில பிள்ளைகளிடம் அசல் போன்ற நோட்டும் சில்லறையும் கொடுத்தார்கள். அவர்கள்தான் அதிகத் தவறு செய்தார்கள். அதே சமயம் அந்தத் தவறுகளில் அடிப்படைக் கருத்துப் பிழைகள் குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பொருள் புரிதலுக்கு உதவுகிறது, கணக்குப் போடுவதற்குக் குறுக்கே நிற்கிறது. ஆகவே பொருளிலிருந்து மெல்ல விலகி வர ஒரு வழி வேண்டும். நோட்டில் வரையும் கோடும் புள்ளியும் அந்த வழி.

வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசிலின் ரெசீஃபே நகரத்துப் பிள்ளைகள் சாட்சி. 1985இல் தெரேசின்யா காரஹேர் குழுவினர், தெருவில் விற்பனை செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் சாமான் வாங்குவதுபோல் கணக்குக் கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் எவ்வளவு? பையன் மூன்று தேங்காய்க்கு 105 என்று தொடங்கி, மூன்று மூன்றாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்க ஒரு சுழியைச் சேர்த்தால் போதும் என்ற பள்ளி வழி அவன் நினைவிலேயே வரவில்லை. தெருவில் 98 விழுக்காடு சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே மாதிரியான கணக்குகளைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 விழுக்காடுதான் சரியாகப் போட்டார்கள். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைபார்க்கும் பிள்ளைகளைப் பற்றி ‘நேச்சர்’ இதழில் எழுதியதும் இதே கதைதான். சந்தைப் பிள்ளைக்குப் பள்ளிக் கணக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறிச் சுரைக்காயும் தானாக ஏட்டில் ஏறாது.

கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை வகுப்பில் ‘மக்கு’ என்று பெயர் வாங்குவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை மூன்று மூன்றாகக் கூட்டும் தன் வழியை நோட்டில் எழுத அனுமதித்து, அதன் பக்கத்திலேயே பள்ளி வழியையும் எழுதவைத்தால், இரண்டும் ஒரே கணக்கு என்று அதற்குத் தெரியும். தனக்கு ஏற்கெனவே கணக்கு தெரியும் என்பதும் தெரியும். இதைவிடப் பெரிய தெம்பு வேறென்ன?

வரைவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அயர்லாந்தில் ஆறாம் வகுப்புச் சிறுவர்களை மேரி ஹெகார்ட்டியும் மரியா கொசெவ்னிகோவும் ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். அவர்கள் கேட்ட கணக்குகளில் ஒன்று: 15 மீட்டர் நீளப் பாதையின் ஒரு பக்கத்தில், இரு முனைகளிலும், இடையில் 5 மீட்டருக்கு ஒன்றாகவும் மரம் நட்டால் எத்தனை மரம்? மரத்தையும் நடுகிற ஆளையும் கண்முன் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் தவறினார்கள். ஒரு கோட்டையும் அதில் நான்கு குறிகளையும் நினைத்தவர்கள் சரியாகச் சொன்னார்கள். நம் பிள்ளைகளிடம் தென்னங்கன்று என்று கேட்டுப் பாருங்கள். ஓலை ஓலையாக வரையும் பிள்ளை ‘மூன்று’ என்று சொல்லும். வெறும் கோடு போட்ட பிள்ளை நான்கையும் தொட்டு எண்ணும். படம் வேறு, வரைபடம் வேறு.

இதனால்தான் வெளிநாட்டுப் பள்ளிகளில் பரவி இங்கேயும் சில தனியார் பள்ளிகளுக்கு வந்திருக்கும் ‘இன்டராக்டிவ் நோட்புக்’ மீது எனக்கு முழு நம்பிக்கை இல்லை. தாளை மடித்துக் கதவுபோல் திறக்கச் செய்வது, வண்ண உறை ஒட்டி உள்ளே அட்டை வைப்பது, சக்கரம் சுழற்றுவது. அமெரிக்காவில் டைனா ஜைக் என்ற கல்வியாளர் இத்தகைய மடிப்புத் தாள்களைப் பெரிய அளவில் பரப்பினார். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது, நோட்டைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள். அது லாபம்தான். ஆனால் நாற்பது நிமிட வகுப்பில் முப்பது நிமிடம் வெட்டி ஒட்டுவதில் போய், கதவைத் திறந்தால் உள்ளே அச்சடித்த சூத்திரம் ஒன்று இருந்தால் அது கைத்தொழில் வகுப்பு. மடிப்பே கணக்காக இருக்க வேண்டும்.

மடிப்பே கணக்காக இருக்க முடியும் என்று உலகுக்குக் காட்டியது சென்னை. 1893இல் இங்கே அடிசன் நிறுவனம் வெளியிட்ட காகித மடிப்பு வடிவியல் நூலின் ஆசிரியர் டி. சுந்தரராவ். கிண்டர்கார்டன் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மடிப்புக் காகிதம்தான் தனக்குத் தூண்டுதல் என்று அவரே எழுதினார். கோணத்தை இருசமமாக்குவதிலிருந்து பலகோணங்கள், வளைகோடுகள் வரை வெறும் மடிப்பால் செய்துகாட்டினார். ஜெர்மானியக் கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் அதைக் குறிப்பிட்ட பிறகு அமெரிக்காவில் பதிப்பு வந்தது. அதே மரபில், சென்னை முத்தியால்பேட்டை பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன், வீட்டில் வீணாகக் கிடக்கும் காகிதத்தையும் அட்டையையும் வைத்தே கணக்கைக் கண்டுபிடிக்கவைத்தவர். ராயபுரத்தில் 1993இல் ராமானுஜன் அருங்காட்சியகம் உருவானது அவர் முயற்சியால். இவர்களைப் படித்த பிறகு நமக்கு இறக்குமதி மடிப்பு எதற்கு என்று தோன்றும்.

ஓர் எடுத்துக்காட்டு. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் எவ்வளவு? ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியாகக் கூட்டிவிடுவார்கள். ஒரு துண்டுத் தாளை நெடுக்கில் இரண்டாக மடிக்கச் சொல்லுங்கள். பிரித்து, குறுக்கே மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். பிரித்தால் ஆறு கட்டம். அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம். மொத்தம் ஆறில் ஐந்து. அந்தத் தாளை அப்படியே நோட்டில் ஒட்டி, பக்கத்தில் எண்ணால் எழுதினால் போதும். பகுதிகளைப் பொதுவாக்குவது என்பது ஆசிரியர் போட்ட சட்டம் இல்லை, குறுக்கும் நெடுக்கும் மடித்த மடிப்பு என்று விரலுக்குத் தெரியும். ‘ஐந்தில் இரண்டு, அரையைவிடவும் குறைவாச்சே, கூட்டினா குறையுமா?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய வகுப்பு வெற்றி.

கையால் எழுதுவதைப் பற்றி ஊடகங்களில் வரும் செய்திகளைச் சற்று நிதானமாக எடுத்துக்கொள்ள வேண்டும். மடிக்கணினியைவிடக் கையெழுத்துக் குறிப்பு மேல் என்று 2014இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. பிறகு அதைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே அளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை. சிறு பிள்ளைகளுக்குப் பொருத்தமானது கேரின் ஜேம்ஸ் 2012இல் வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்தைத் தாமாக எழுதியபோது மூளையில் ஏற்பட்ட மாற்றம், தட்டச்சு செய்தபோதோ புள்ளிக்கோட்டின்மேல் எழுதியபோதோ ஏற்படவில்லை. அது எழுத்தைப் பற்றிய ஆய்வு, கணக்கைப் பற்றியது அல்ல. ஆனாலும் பார்த்து எழுதுவதும் தானே எழுதுவதும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையைக் கணக்கு நோட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இப்போது நம்பிக்கைக்கு வருவோம். பாராட்டினால் நம்பிக்கை வரும், ஸ்டார் ஒட்டினால் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆல்பர்ட் பண்டூரா 1977இல் சொன்னது வேறு. ‘என்னால் முடியும்’ என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, முன்பு செய்து முடித்த அனுபவம். மற்றவர் செய்வதைப் பார்ப்பதும் மற்றவர் ஊக்கப்படுத்துவதும் அதற்குப் பிறகுதான். 1981இல் அவரும் டேல் ஷங்கும் நடத்திய ஆய்வு நம் கேள்விக்கு மிக அருகில் இருக்கிறது. கணக்கில் பின்தங்கி, கணக்கே பிடிக்காமல் போன 7 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 40 பேர். கழித்தல் கற்றுத்தரும் 42 பக்கங்கள். ஒரு குழுவிடம் ஏழு அமர்வு முடிவதற்குள் 42 பக்கமும் முடிக்கலாம் என்றார்கள். இன்னொரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கம் முடித்தால் போதும் என்றார்கள். வேலை ஒன்றே, அளவும் ஒன்றே. ஆறு ஆறாக முடித்தவர்கள் கணக்கிலும் நம்பிக்கையிலும் ஆர்வத்திலும் மற்றவர்களைவிட வெகுவாக முன்னேறினார்கள்.

தான் முடித்தது தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. நோட்டு செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான். ஜூனில் 35 என்று எழுதி, ஏன் தவறு என்று குறித்த பக்கத்தை டிசம்பரில் புரட்டும் பிள்ளைக்கு, ‘இது எனக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது’ என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அழித்த பக்கம் அந்தச் சாட்சியைத் தராது. எல்லாம் சரியாக இருக்கும் ஃபேர் நோட்டும் தராது. அதில் பிள்ளை வளர்ந்ததற்கான தடமே இல்லை.

ஜப்பானிய ஆசிரியர்கள் இதை வகுப்பின் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். பாடம் முடியும்வரை கரும்பலகையை அழிப்பதில்லை. கேள்வி, பிள்ளைகள் போட்ட வெவ்வேறு வழிகள், அவற்றில் தவறானவை, கடைசியில் முடிவு என்று ஒரு வகுப்பின் முழுக் கதையும் பலகையில் நிற்கும். அதற்கு ‘பான்ஷோ’ என்று தனிப்பெயரே உண்டு. பிள்ளைகளின் நோட்டும் அதே அமைப்பில் இருக்கும். என் வழி, நண்பன் வழி, இன்று நான் தெரிந்துகொண்டது என்று எழுதப் பழக்குகிறார்கள். தவறான வழியைச் சரியான வழியோடு பக்கத்தில் வைத்து ஏன் தவறு என்று சொல்லவைத்தால் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கிறார்கள் என்று கெல்லி டர்கினும் பெத்தனி ரிட்டில்-ஜான்சனும் 2012இல் தசம எண்களை வைத்துக் காட்டினார்கள். 0.25, 0.3 இரண்டில் எது பெரியது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டால் 25தான் பெரியது என்று சொல்லும் பிள்ளையை நாம் அறிவோம். அந்தப் பதிலை அழிக்கவைப்பதா, பேசவைப்பதா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 13 இடங்களில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், ரிஷி வேலிப் பள்ளியின் மாதிரியிலிருந்து வந்தது. 2007-08க்குள் மாநிலம் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள், அட்டைகளை எடுத்தார்கள், சுவரில் கைக்கெட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் எழுத ஒரு கரும்பலகை இருந்தது. அந்தத் தாழ்ந்த கரும்பலகையை நான் பெரிய புரட்சியாகவே நினைக்கிறேன். ஆனால் நாளடைவில் பல இடங்களில் அட்டையை முடிப்பதே இலக்கானது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சி நூல் கொடுத்தது. பாட்டு, விளையாட்டு, பொருள்கள் எல்லாம் வகுப்புக்குள் வந்தன. பயிற்சி நூலில் எனக்கு ஒரே குறை: அச்சடித்த கட்டத்துக்குள் விடையை நிரப்பும் பக்கம் ஏராளம், பிள்ளை தன் வழியைக் காட்ட வெற்றுப் பக்கம் குறைவு.

ஆசிரியரின் பாடும் பெரிது. ஒரே அறையில் இரண்டு, மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு, செயலியில் விவரங்களைப் பதிவேற்றி, நோட்டையும் திருத்த வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் விளக்க வரியையும் தினமும் படிக்கச் சொல்வது நியாயமில்லை. வாரத்தில் ஒரு கணக்கு போதும். கட்டம் போட்ட நோட்டில் எதிரெதிராக இரண்டு பக்கம். இடப்பக்கம் குச்சியோ மடிப்போ கோடோ, பிள்ளையின் சொந்த வழி. வலப்பக்கம் பள்ளி வழி. கீழே ஒரு வரி, பேச்சுத்தமிழில் இருந்தாலும் சரி, எழுத்துப்பிழை இருந்தாலும் சரி. தவறு வந்தால் ஒரே ஒரு கோடு, ரப்பர் வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஐந்து பிள்ளைகள் என்று மாற்றி மாற்றிப் படித்தால் முப்பது பேர் கொண்ட வகுப்பை ஆறு வாரத்தில் ஒரு சுற்று முடிக்கலாம். அந்த ஐந்து பேரின் நோட்டிலிருந்து ஒரு தவறை, பெயர் சொல்லாமல், கரும்பலகையில் போட்டுப் பேசலாம்.

பெற்றோரைப் பற்றி ஒரு வார்த்தை. கணக்கைக் கண்டு பயப்படும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உட்கார்ந்தால் பிள்ளை குறைவாகக் கற்கிறது, அதன் பயமும் கூடுகிறது என்று 2015இல் எரின் மலோனி குழுவினர் கண்டார்கள். பயம் அப்படித்தான் தொற்றுகிறது. ‘எனக்கும் கணக்கு வராது, என் ரத்தம்தானே’ என்று சிரித்துக்கொண்டே சொல்வதை அன்புகூர்ந்து நிறுத்திவிடுங்கள். சொல்லித்தர வேண்டாம், கேளுங்கள். “இதை எப்படிப் போட்ட, எனக்குக் காட்டு” என்ற கேள்விக்கு நமக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு பிள்ளையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்தப் பெண் இப்போது நான்காம் வகுப்பு, வகுத்தலில் திணறுகிறாள். போன வாரம் 96ஐ 4ஆல் வகுக்க ஒன்பது கட்டையும் ஆறு உதிரியையும் நான்கு வட்டத்துக்குள் பங்குபோட்டு வரைந்திருந்தாள். மிஞ்சிய ஒரு கட்டைப் பிரிக்க மறந்து 21 என்று விடை எழுதி, பிறகு தானே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் “மறுபடியும் கட்ட பிரிக்கல” என்று குறித்திருந்தாள். அதன் கீழே 24.

நோட்டு திருத்தும் ஆசிரியர்களுக்கும், அந்த நோட்டைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்களுக்கும், மாலையில் அதைத் திறந்து பார்க்கும் பெற்றோருக்கும் ஒரே வேண்டுகோள்தான். பிள்ளை போட்ட தப்புக் கணக்கை அழிக்கச் சொல்லாதீர்கள். ஒரு கோடு போட்டு, ஏன் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.